பதினேழாம் பை

காஷ்மீரி கேட் நிலையத்தில் மண் வந்து இறங்கியது.
இருபத்தைந்து பைகள், கின்னௌரிலிருந்து,
பட்டாணி மூட்டைகளுக்கு நடுவே, இரவுப் பேருந்தில்.
உள்ளே என்ன என்று கேட்ட கூலிக்காரரிடம்
மண் என்றேன்.
தில்லியில் மண்ணுக்கா பஞ்சம் என்று சிரித்தார்.

எல்லாப் பைகளிலும் ஹீராமணி நேகியின் கையெழுத்து:
அடர்நிழல். ஓரம். சிறிய இடைவெளி. பெரிய இடைவெளி.
ஒரு தேவதாரு சாய்ந்தால்
எத்தனை முழம் வானம் உள்ளே விழும் என்று
நாடா பிடித்து அளந்தவர் அவர்.
அந்த வானத்துக்குக் கீழே மண் என்ன செய்கிறது
என்பது என் பாடு.

ஆய்வகம் நிலவறையில். ஜன்னல் கிடையாது.
நிழல் மண் சல்லடையில் இறங்க அடம் பிடிக்கும்.
ஊசியிலைமேல் ஊசியிலை, நான்கு விரற்கடை,
பாதி மட்கி, பாதி மட்காமல்,
இரண்டாம் முறை கொதித்த தேயிலை நிறம்.
அதன் புளிப்பு மூக்குக்கே தெரியும்.
விதை அதன்மேல் விழும். முளைக்கவும் செய்யும்.
வேர்தான் மண்ணைத் தேடித் தேடி
மெத்தைக்குள்ளேயே காய்ந்துவிடும்.

சிறிய இடைவெளியில் கதை வேறு.
உறிஞ்சும் வேர்கள் குறைவு, ஆகவே ஈரம் தங்கும்.
கொஞ்சம் வெயில் பட்டதும்
மக்கு சீக்கிரம் மக்கும்.
பள்ளியில் என்னை மக்கு என்றவர்களுக்குத்
தழைச்சத்து பற்றி ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அப்படியானால் பெரிய இடைவெளி இன்னும் நல்லது என்று
முதல் வருடம் நானும் நம்பினேன்.
அங்கே புல்லும் முள்ளும்
முன்பதிவு செய்ததுபோல் வந்து உட்கார்ந்துவிடுகின்றன.
மதியத்தில் மேல்மண் உதடு வெடிக்கிறது.
வெளிச்சம் வந்துவிட்டது என்பதற்காக
மரம் வந்துவிடுவதில்லை.

பதினேழாம் பையில் மட்டும் எழுத்து
ஈரத்தில் கரைந்து நீலக் கறையாகிக் கிடந்தது.
கொட்டினேன். செந்நிறம். ஊசியிலை ஒன்றுகூட இல்லை.
சலித்து முடித்தபோது
சல்லடைமேல் ஒன்று மிஞ்சி நின்றது:
சுண்டுவிரல் உயரம், சிவந்த தண்டு,
உச்சியில் பத்து ஊசிகள், குடைக்கம்பி மாதிரி,
அவற்றின் நுனியில் இன்னும் கழலாத விதையுறை,
வீட்டுக்குள் வந்தும்
தொப்பியைக் கழற்ற மறந்தவன்போல்.

விதிமுறையில் சந்தேகமே இல்லை.
இரண்டு மில்லிமீட்டர் துளையில் இறங்காதது மண் அல்ல.
கல்லா, வேரா, எடுத்துப் போடு.
மீதியை நூற்றைந்து பாகையில் உலர்த்து.

நேகியை அழைத்தேன். குரல் விட்டுவிட்டு வந்தது.
"பதினேழா? அது திட்டத்திலேயே இல்லை மேடம்.
மரம் வேரோடு பிடுங்கிக்கொண்டு போன குழி.
அடிமண் மேலே வந்து கிடந்தது.
நாற்றுகள் அங்கேதான் நிறைய.
சும்மா ஒரு கை அள்ளிப் போட்டேன்."

முனிர்க்காவில் என் அறைக்கு எதிரே
போன மாதம் நான்கு மாடி வீட்டை இடித்தார்கள்.
ஆறு வருடத்தில் முதல் தடவையாக
ஏழரை மணி வெயில்
பாத்திரம் கழுவும் தொட்டிவரை வந்தது.
சுவரில் பூஞ்சை ஒரு சாண் பின்வாங்கியது.
ஏழு மாடி எழப்போகிறதாம், பலகை வைத்தாயிற்று.
இதெல்லாம் ஆய்வறிக்கையில் சேராது.

அந்த வெயிலில்
காது உடைந்த தேநீர்க் கோப்பையில் அதை நட்டேன்.
வெளியே நாற்பத்து மூன்று பாகை.
ஈரத்துணி சுற்றினேன், மத்தியானம் நிழலுக்கு நகர்த்தினேன்.
ஒன்பது நாள் இருந்தது.
பத்தாம் நாள் கழுத்தில் மடிந்திருந்தது.
விதையுறை மட்டும் மூன்றாம் நாளே
தானாகக் கழன்று விழுந்திருந்தது.

நான்கு பத்திகள் இருந்த அட்டவணையில்
ஐந்தாவதாக ஒன்று கோடு போட்டுச் சேர்த்தேன்: குழி.
மாதிரி ஒன்று. முளை ஒன்று.
ஒரே மாதிரியை வைத்து எதுவும் சொல்ல முடியாது
என்று ஓரத்தில் எழுதி அனுப்பினார் மேற்பார்வையாளர்.
சரிதான்.
அடுத்த வருடத்துக்கு இருபது குழி வேண்டும் என்று
நேகியிடம் கேட்டேன்.
கொஞ்ச நேரம் காற்று மட்டும் இரைந்தது.
பிறகு,
"அதற்கு இருபது மரம் விழணுமே மேடம்" என்றார்.